கார்முகட்டுக் கோட்டைக்குப் போன பொய்வெண்ணெய்

வெண்முகட்டு நாடு செழிக்க, ஏழருவிக்கு உரிய கோச்சேந்தி அரசர் நெடிது வாழ்க. அவர் அடிநிழலில் அமைச்சுப் பணி புரியும் நெடுங்கொற்றனார், பனிக்கணவாய் காக்கும் கார்முகட்டுக் கோட்டைத் தலைவர் இளவெயினனாருக்கும், உடனுறையும் நாற்பது வீரருக்கும் நலம் வேண்டி விடுக்கும் ஓலை.

குளிர்கால உணவுக்கெனச் சென்ற திங்கள் தங்கள்பால் வந்த பன்னிரண்டு தாழிகளிலும் இருப்பது வெண்ணெய் அன்று. எள்ளெண்ணெயும் அரிசிக் கஞ்சியும் சரிபாதி சேர்த்து, மஞ்சளிட்டுக் கடைந்த பொய்வெண்ணெய். அரசியார் தம் உடல் பெருப்பதாக வருந்தியபோது, எவ்வளவு உண்டாலும் பெருக்க வைக்காத வெண்ணெய் வேண்டுமென்று, இவ்வோலை விடுக்கும் அமைச்சரே கட்டளையிட, மடைப்பள்ளித் தலைவி செங்காணி ஆக்கித் தந்தது அது. அரண்மனையே அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. இத்தனை நல்ல பொருள் வீரருக்கும் கிடைக்கட்டுமே என்று மலையேற்றி அனுப்பிய புத்தியும் அமைச்சருடையதே.

நேற்று தங்கள் தூதன் வந்து, வீரர் குறைவின்றி உண்டும் நடுங்குகின்றனர், கச்சைகள் தளர்கின்றன என்றுரைத்தான். அமைச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெண்ணெயையும் பொய்வெண்ணெயையும் நிறுக்கச் செய்தார், எடை ஒன்றே. நிறமும் ஒன்றே. அவைநடுவே இரண்டையும் உருக்கி அகலிலிட்டு ஏற்றினார். வெண்ணெய் மூன்று நாழிகை எரிந்தது. மற்றது ஒன்றரை நாழிகையில் சடசடத்து அவிந்தது. அகலை மாற்றினார், திரியை மாற்றினார், காற்றைக் குறைகூறிக் கதவை அடைத்தார். மும்முறையும் அவ்வாறே. ஒரே எடையுள்ள பொருளில் பாதிச் சூடு எங்கே ஒளிந்துகொண்டது என்று, நாட்டுக்கே வழிசொல்லும் அமைச்சர் அகலுக்குள் விரலை விட்டுத் தேடியதை அவை முழுதும் கண்டது.

அப்போது செங்காணி வணங்கி, "ஐயா, உடம்பைப் பெருக்காத வெண்ணெய் கேட்டீர்கள். பெருக்காதது எப்படிச் சூடு கொடுக்கும்? கஞ்சி எரியுமா?" என்றாள்.

அமைச்சருக்கு அது பாதி விளங்கிற்று; மீதி இன்னும் குழப்பமே. ஆனால் நாற்பது பேர் பனியில் விறைத்துச் சாவர் என்பது முழுதும் விளங்கிற்று. பங்கை இரட்டித்தால் நடுக்குளிரில் தாழி ஒழியும். மெய்வெண்ணெய் சுமப்போர் ஏற எட்டு நாள் வேண்டும். கணவாயோ ஆறு நாளில் மூடும். ஓலை கொணரும் ஓட்டக்காரன் மூன்றாம் நாள் தங்களை அடைவான்.

ஆதலின் இக்கட்டளை. இதை வாசித்து முடித்ததும், வழிநடைக்குச் சூடு வேண்டிப் பங்கை இரட்டித்து உண்டு, கோட்டையை விட்டு அனைவரும் இறங்குக. எல்லைக் கோட்டையைக் காவலின்றி விடச் செய்தவனுக்கு என்ன தண்டனை என்பதை, அச்சட்டத்தை எழுதிய அமைச்சரே நன்கறிவார். அரசர் வினவினால் இவ்வோலையைக் காட்டுக, வேறெதுவும் சொல்லவேண்டா.

அரசரைக் கேளாது, அமைச்சர் தம் மோதிரத்தால் இட்ட இலச்சினை இது. நாற்பதில் ஒருவரையும் விட்டுவாரற்க.