தாத்தாவை வாசலிலேயே வைத்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவன் தயவில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் முதல் வேண்டுதல். போனில் நீ அழுதுகொண்டே, தாத்தாவை வெயிலில் போட்டு ஏம்மா அப்படிப் பண்ணினே என்று கேட்டாய். பெரிய மாமா சொன்னதை வைத்துக் கேட்கிறாய், உன்மேல் கோபமில்லை. ஆனால் பெட்டி தூக்கிக்கொண்டு தூரதேசம் போனவளுக்கு பாதிக் கதைதான் வந்து சேர்ந்திருக்கிறது, மீதியை நான் எழுதுகிறேன்.

தாத்தா எப்படிப்பட்ட பக்தர் என்று உனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே கடவுளோடு சண்டை போடுவார், மழை தள்ளிப்போனால் வானத்தைப் பார்த்து, உனக்கு வேற சோலியே இல்லையா, இங்க கொஞ்சம் பாருய்யா என்று அதட்டுவார். ஒருநாள்கூடப் பிரார்த்தனைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அவர் ஏன் பிரார்த்தனைக் கூடத்துக்கு உள்ளே போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தார் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது கல்லறையில் குழி வெட்டுகிறவர் வேலை முடித்து மண்ணும் கையுமாக அப்படியே பிரார்த்தனைக்கு வந்தார். குளித்துவிட்டு வந்தாலும் இனிமேல் வெளியேதான் என்று அப்போது கூடத்தை நிர்வகித்த மில்காரரின் அப்பா அவரைக் கிளப்பிவிட்டார். உன் தாத்தா எழுந்துபோய் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்புறம் சாகும்வரை அந்தப் படியைத் தாண்டவில்லை. மழை பெய்தால் இருவரும் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொள்வார்கள். பெரிய மாமாவுக்கு அது அப்போதே அவமானம், அப்பா என்றால் முன்வரிசையில் இருக்க வேண்டும் அவருக்கு.

கடைசிக் காலையில் என்னை வாசிக்கச் சொன்னார். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்ப வழியில்லாதபோது அவருடைய பிரார்த்தனைப் புத்தகத்தில்தான் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தேன், அதையேதான் வாசித்தேன். அழுகையில் ஒரு வரி தவறிவிட்டது. அந்த வரிய ஏன் முழுங்குற என்றார். திரும்ப வாசித்து முடித்துப் பார்த்தபோது போய்விட்டிருந்தார். வலியில்லாத சாவு, நீ அதை நினைத்து அழாதே.

செய்தி கேட்டு மில்காரர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். பெரியவரைக் கூடத்துக்குள்ளே முன்வரிசைக்கு எதிரே வைத்துப் பிரார்த்தனை நடத்தலாம், நாற்காலி விளக்கு எல்லாம் ஏற்பாடு என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் பல். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், குழி வெட்டுற ஐயாவ இன்னிக்காவது உள்ள கூப்பிடுவீங்களா என்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது வேற விஷயம்மா, இன்னிக்கு எதுக்கு அது என்றார். அப்படியானால் எங்கள் அப்பாவும் கூடத்து வாசலில்தான் என்றேன். வீட்டில் ஒரு பிடி பருப்பு குறைந்தாலும் கணக்குக் கேட்கிறவள் இதில் மட்டும் போனால் போகட்டும் என்பேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. குழி வெட்டுகிற ஐயாவே வந்து, என்னால உங்க வீட்டுல சண்டை வேணாம்மா, உள்ளயே வைங்க என்று கையைப் பிசைந்தார். உங்களால இல்லீங்க, எங்க அப்பாவால என்றேன். கூடத்து வாசலில் இறக்கிய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். வெயில்தான், இல்லையென்று சொல்லவில்லை. குழி வெட்டுகிற ஐயா அந்தப் பழைய குடையைக் கொண்டுவந்து தாத்தா முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார், அதை மாமா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். உள்ளே நாற்காலி போட்டுக் காத்திருந்தவர்கள் முதலில் ஒருவர், அப்புறம் இருவர் என்று வெளியே வர ஆரம்பித்தார்கள். கடைசியில் பிரார்த்தனை நடத்துகிறவரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கு இறங்கி வந்தார். மில்காரர் மட்டும் நிலைப்படியில் காலை உள்ளேயும் வைக்காமல் வெளியேயும் வைக்காமல் நின்றார்.

இப்போது மாமா, துக்கத்துல புத்தி தடுமாறிப் பேசிட்டேன்னு கூடத்துக் கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லிடு, இல்லாட்டி உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்கிறார். நான் சொல்லாவிட்டால் பெண்கள் பிரார்த்தனையில் நான் வாசிக்கிற முறையையும் வேறு ஒருத்திக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்களாம். அந்த வாசிப்பு எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும், எனக்கென்று வீட்டுக்கு வெளியே இருந்தது அது ஒன்றுதான். கொடுக்கட்டும். என் புத்தி அன்றைக்குத் தெளிவாகவே இருந்தது. போன வாரம் படியில் குழி வெட்டுகிற ஐயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே புதிதாக ஒருத்தி வாசித்தாள், நானும் என் புத்தகத்தை விரித்து வெளியே வாய்விட்டு வாசித்தேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவரையும் ஆண்டவன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். பெரிய மாமா போன் செய்தால் மரியாதையாகப் பேசு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். என் சார்பில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் தாத்தாவின் மகள், உன் அம்மா