பறந்த குடையும் நின்றுபோன பயிற்சியும்

அனுப்புநர்:
எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பப் படிப்பு, இரண்டாம் ஆண்டு மாணவி
(பயிற்சி நிறுத்தி வைக்கப்பட்டவர்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சித் துறை

பொருள்: எம்.ஆர்.ஐ. பிரிவில் மாணவர்கள் தாங்களே கருவியை இயக்கிப் பழக வழிசெய்யக் கோருவதும், ஆய்வு அலுவலரை இடுப்பைப் பிடித்து இழுத்ததற்காக என் பயிற்சி நிறுத்தப்பட்டதை விலக்கிக்கொள்ள வேண்டுவதும்.

பார்வை: "அலுவலரை இரு கைகளாலும் பற்றிக் கீழே தள்ளியது ஏன்?" என விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தள்ளவில்லை, இழுத்தேன். இருவரும் சேர்ந்துதான் விழுந்தோம். இந்தத் திருத்தத்தை முதலிலேயே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

2. நடந்தது விளங்க வேண்டுமானால், எங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் பிரிவில் இருப்பது ஒரு கருவி, அதை இயக்க ஒரே ஒரு தொழில்நுட்பர். மாணவர்கள் அவரைத் 'தொடாதே சார்' என்று அழைக்கிறோம். இது அவர் வாயிலிருந்து வந்த பெயர்தான். விசைப்பலகையைப் பார்த்தால் "தொடாதே." மேசையை ஏற்றும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றால் "தொடாதே." ஒருமுறை அவருடைய தேநீர்க் குவளையை நகர்த்தப் போனபோதும் அதே சொல்தான் வந்தது. அவர் மீது நான் குறை சொல்லவில்லை. வெளியே நோயாளிகள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் மதிய உணவை ஒரு கையால் உண்டு, மறுகையால் கருவியை இயக்குகிறார். "உனக்குச் சொல்லிக் குடுக்குற நேரத்துல ரெண்டு பேருக்குப் படம் எடுத்துடுவேன்மா. அவங்க எத்தனை நாளா வலியோட காத்திருக்காங்க தெரியுமா?" என்று அவர் கேட்டபோது, நான் அடுத்த நோயாளியை அழைக்கப் போனேன்.

3. ஆகவே எங்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு வகை. முதலாவது, கருவிக்குள் படுப்பது. புதிய அளவுகளைச் சரிபார்க்க ஓர் உடம்பு தேவைப்படும்போதெல்லாம் மாணவர்களையே படுக்க வைப்பார்கள். என் மூளை, முழங்கால், தோள்பட்டை, முதுகு எல்லாம் அங்கே பதிவாகியுள்ளன. தங்கள் கடிதத்தில் எனக்குத் 'துணிச்சல் மிகுதி' என்று குறிப்பிட்டுள்ளீர்கள். எனக்கு முதுகெலும்பு உண்டு என்பதற்கு அந்த மருத்துவமனையிலேயே படச்சான்று இருப்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. இரண்டாவது, நோயாளிகளிடமிருந்து உலோகப் பொருள்களை வாங்கித் தட்டில் வைப்பது. இதில் மட்டும் நான் தேர்ச்சி பெற்றுள்ளேன். "இரும்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்து வரும், அதன் பின்னால் நகவெட்டி வரும். ஒரு தச்சர் காதோரம் செருகியிருந்த ஆணியைத் தாமே மறந்திருந்தார்.

இந்த வேலையில் நான் இருந்தபோதுதான் என் சித்தப்பா தோள்வலிக்குப் படமெடுக்க வந்தார். "உள்ள மிஷின ஓட்டுறது யாருன்னு நெனச்சீங்க? எங்க அண்ணன் பொண்ணு!" என்று காத்திருந்தவர்கள் அனைவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டோடு வெளியே வந்து அவருடைய பெல்ட்டைக் கேட்டேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, கால்சட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். "ஏம்மா, பெல்ட்டு வாங்கி வைக்கத்தான் இத்தனை படிப்பா?" என்று மெல்லக் கேட்டார். கூடம் முழுவதும் கேட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் என் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா மட்டும் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார்.

5. இந்நிலையில், மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி முறையாக நடக்கிறதா என்று அறியத் தங்கள் ஆய்வு அலுவலர் வந்தார். எங்கள் மருத்துவமனையின் துறைத் தலைவர் எங்களுக்குத் துவைத்த வெள்ளை அங்கிகள் தந்து, கணினித் திரைக்கு முன் உட்காரச் சொன்னார். "சும்மா கைய வெச்சிட்டு இருங்க, அழுத்திடாதீங்க" என்பது உத்தரவு. நாங்கள் 'நெட்டை' என்று அழைக்கும் சக மாணவர் நோயாளியாக நடிக்கக் கருவிக்குள் படுத்தார். படுத்ததும் உண்மையாகவே தூங்கிவிட்டார். அலுவலரை வரவேற்கத் தொடாதே சாரைப் பூங்கொத்துடன் மாடிப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலர் வேறு படி வழியாக வந்துவிட்டார்.

வெளியே தூறல். அலுவலரின் முழங்கையில் கொக்கிப் பிடி வைத்த குடை தொங்கியது. துறைத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கருவி அறையின் கதவை அகலத் திறந்து, "உள்ளேயே வந்து பாருங்க சார்" என்றார். நான் "ஐயா, குடை!" என்று கத்தினேன். அலுவலர் திரும்பி, மிகுந்த கனிவுடன், "பரவாயில்லம்மா, அவ்வளவா நனையல" என்று சொல்லிவிட்டு அடியெடுத்து வைத்தார்.

படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இதை அந்த நொடியில் விளக்க எனக்கு அவகாசம் இல்லை. மேசையைத் தாண்டி ஓடி, அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். அவருக்கு வலித்திருக்கும், மூக்குக்கண்ணாடியின் காலும் வளைந்தது. அதற்காக மனமார வருந்துகிறேன். குடை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு பறந்தது. அது பொத்தானை அழுத்தினால் விரியும் வகை. போகும் வழியில் எதிலோ இடித்து விரிந்து, கருவியின் வாயில் கறுப்புப் பூவைப் போல அடைத்துக்கொண்டது. அம்மையீர், அது விரியாமல் போயிருந்தால் நேராக நெட்டையின் தலைக்குத்தான் போயிருக்கும். சத்தத்தில் விழித்த அவர், கண்ணுக்கெதிரே குடையைப் பார்த்து, "உள்ளயும் மழையா?" என்று கேட்டார். தரையில் கிடந்த நானும் அலுவலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் சிரித்துவிட்டேன். தங்கள் கடிதம் 'ஏளனம்' என்று சொல்வது அதையே என நினைக்கிறேன். அது ஏளனம் இல்லை. நெட்டை உயிரோடு பேசுகிறார் என்ற நிம்மதி.

6. அதன்பின் நடந்தது தங்களுக்கு வந்த அறிக்கையில் இல்லை. தொடாதே சார் பூங்கொத்தோடு ஓடி வந்தார். குடைக்கு அடியிலிருந்த இடைவெளி வழியே நெட்டையை மேசையோடு வெளியே இழுத்து, தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்தார். பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. காந்தம் எங்கே வலுவாக இழுக்கும், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, சிக்கிய பொருளை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் திருப்பி எப்படி எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் சேர்ந்து குடையை எடுத்தோம். நான் இந்தப் படிப்பில் கேட்ட மிகச் சிறந்த பாடம் அதுதான்.

கருவி பழுதாகவில்லை என்று உறுதி செய்ய, தண்ணீர் நிரப்பிய சோதனைப் புட்டியை உள்ளே வைத்துப் படமெடுக்க வேண்டும். அவர் தம் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீ உக்காரு. நீயே அழுத்து" என்றார். அழுத்தினேன். கருவி தட்டத் தொடங்கியது. உள்ளே படுத்திருந்து பலமுறை கேட்ட ஓசைதான். ஆனால் அன்று அது என் விரலுக்குப் பதில் சொன்னது. திரையில் ஒரு சாம்பல் நிற வட்டம் வந்தது, ஒரு குறையுமில்லாத வட்டம். அது வெறும் தண்ணீர்தான். நான் எடுத்த முதல் படம் அது என்பதால் கண் கலங்கியது. மறுநாள் காலை தங்கள் கடிதம் வந்தது.

7. ஆகவே தங்களிடம் வேண்டுவது: என் பயிற்சி நிறுத்தத்தை விலக்க வேண்டும். நோயாளிகள் வரும் முன் காலை வேளையில் தண்ணீர்ப் புட்டியை வைத்தாவது மாணவர்கள் முறைவைத்துப் பழக அனுமதிக்க வேண்டும். அந்த ஒற்றை மனிதருக்குத் துணையாக இன்னொரு தொழில்நுட்பரை நியமிக்க வேண்டும். நடந்ததற்கு அவரைப் பொறுப்பாக்க வேண்டாம். அவர் தாமாக மாடிப்படிக்குப் போகவில்லை, அனுப்பப்பட்டார்.

ஆண்டிறுதியில் எங்கள் கடைசிச் செய்முறைத் தேர்வு வருகிறது. அதில் தேறினால் அடுத்த மாதமே எங்கோ ஓர் ஊரில் ஒரு நோயாளி என் முன் படுப்பார். அவர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது. பயந்திருப்பார் என்று மட்டும் தெரியும். மேசை உள்ளே நகரும் முன் அவர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்தானே?" என்று கேட்பார். அப்போது அவரிடம் நான் பொய் சொல்லாமலிருக்கத் தாங்கள் வழிசெய்ய வேண்டும்.

இடம்: மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் (உள்ளே செல்ல அனுமதி இல்லாததால்)
நாள்: தங்கள் கடிதம் கிடைத்த அன்றே

தங்கள் முடிவை எதிர்நோக்கி,
(கையொப்பம்)
இரண்டாம் ஆண்டு மாணவி