நீ நீக்காமல் விட்ட பழைய ஃபங்ஷன்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. கெட்டிக்காரன், பொறுப்பானவன் என்று விருத்தாசலமே உன்னைப் புகழ்கிறது. நான் புகழப்போவதில்லை.

செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அதே வரைபட ஆபீசில், உன் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று விடாத மழை. ஆற்றங்கரையில் எந்த வீடுகளை முதலில் காலி செய்ய வேண்டும் என்று சாயந்திரத்துக்குள் பட்டியல் கேட்டார்கள். கரையையும் வீடுகளையும் கொடுத்தால் தண்ணீர் எட்டக்கூடிய வீடுகளை எடுத்துத் தர கம்ப்யூட்டரில் ஒரு ஃபங்ஷன், ஒரு சின்ன நிரல், எழுதி வைத்திருந்தாயே, அதைக் கூப்பிட்டேன். இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, எதை ஓட்டுவதென்று தெரியவில்லை என்று டேட்டாபேஸ் கையை விரித்துவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “உங்க அண்ணன் என்னத்தையோ பண்ணி வெச்சிட்டுப் போயிட்டாரும்மா. பழைய ரெஜிஸ்டரைப் பாத்து எழுதிக் குடுத்துடு.”

பழைய ரெஜிஸ்டரில் கரையோரப் புதுத்தெருவே கிடையாது. என்னோடு படித்த சுகந்தி அங்கேதான் கைக்குழந்தையோடு இருக்கிறாள். “அரை மணி நேரம் குடுங்க சார்” என்றேன். அவர் மேலும் எரிச்சல், உன் மேலும் எரிச்சல்.

தேடினால் இரண்டு கிடைத்தது. முதலாவது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லாவிட்டால் தானே ஒரு தூரத்தை வைத்துக்கொள்ளும். பிறகு தெருப் பெயரையும் கேட்கும்படி அதே பெயரில் இரண்டாவதை எழுதினாய். அதையும் சொல்லாவிட்டால் எல்லாத் தெருவையும் எடுத்துக்கொள்ளும். புதிது பழையதை மாற்றிவிடும் என்று நினைத்துவிட்டாய். கேட்கும் விவரம் ஒன்று கூடியதால் அது பக்கத்திலேயே இன்னொன்றாக உட்கார்ந்துகொண்டது. கரையும் வீடும் மட்டும் கொடுத்தால் இரண்டுமே பொருந்தும், அதுதான் குழப்பம்.

நீ கரை, வீடு, தூரம், தெரு என்று நாலு விவரத்தையும் ஒவ்வொரு தடவையும் கையால் அடிப்பாய். அதனால் உனக்கு மட்டும் ஓடியது. வேறு யாராவது தடுமாறினால், “தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்பாய். ஏன் மற்றவர்களுக்கு ஓடவில்லை என்று ஒரு நாளாவது பார்த்தாயா?

பழையதை நகல் எடுத்து வைத்துவிட்டு நீக்கினேன். பட்டியல் வந்தது, புதுத்தெருவும் அதில் இருந்தது. இருட்டுவதற்குள் சுகந்தியும் மற்றவர்களும் முகாம் போட்டிருந்த ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காரணம் தெரிந்த பிறகு பத்து நிமிஷ வேலை, அண்ணா.

அம்மா உன்னை வாசலில் மறித்தது ஞாபகம் இருக்கிறதா? “டேய், கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது. இன்னிக்கு ஒரு நாளு வூட்ல இருடா.” நீ செருப்பை மாட்டிக்கொண்டே, “நான் போகலன்னா அங்க எதுவும் ஓடாதும்மா. போயிட்டு வரேன்” என்றாய். மஞ்சள்காமாலையோடு ஒரு வாரம் அப்படியே போனாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் காப்பாற்ற முடியாமல் போனபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் எங்களைத்தான் திட்டினார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? இந்தப் பத்து நிமிஷ வேலைக்காக என்றா?

எப்படி ஓட்டுவது என்று ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டேன். இனி யாரும் ஓட்டலாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பேன். அம்மாவை இன்னொரு முறை வாசலில் நின்று கெஞ்சவிட மாட்டேன்.

உன் மேல் கோபம் தீராத தங்கை,
செல்வி