முள் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

மச்சான், நேற்று நீலாய் போகும் வழியில் என் கார் நின்றுவிட்டது. பெட்ரோல் முள் நிறைவில் நிற்க, இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. சாலையோரத்தில் இறங்கி, அந்த வெயிலில் நின்று, வாய்விட்டுச் சிரித்தேன். உதவ நினைத்து மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்த ஒருவர், என் சிரிப்பைப் பார்த்ததும் நிற்காமலேயே போய்விட்டார். உன் படகு நினைவுக்கு வந்துவிட்டது என்று அவரிடம் எப்படி விளக்குவது?

நீ இறந்துபோன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். துக்கமாக எழுதத்தான் முயன்றேன், வரவில்லை. இது வருகிறது.

எண்பதுகளில் நீ லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் சிரம்பானில் நாளிதழ் நிருபன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் அனுமதி வாங்கி, பால் மரம் வெட்டும் குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவாய். நானும் தொற்றிக்கொள்வேன். லாரி நின்றதும் ஆண்கள் கடலுக்குள் ஓடுவோம். பெண்கள் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். உன் மனைவி ரெஜினா பெரிய குடுவை நிறையத் தேநீர் கொண்டுவருவாள். ஆண்கள் குடித்துத் தீர்ப்போம். பெண்கள் தொடமாட்டார்கள்.

ஒருமுறை நீதான் கேட்டாய், ஏன் யாருமே குடிப்பதில்லை என்று.

"குடிச்சா எங்க போறது?" என்றாள் ரெஜினா. "நீங்க மரத்துக்குப் பின்னால போவீங்க. நாங்க? காலையில எந்திரிச்சதுலருந்து தொண்டைய நனைக்காமத்தான் லாரி ஏறுறோம். தெரியாதா?"

அன்று திரும்பும் வழியெல்லாம் நீ பேசவில்லை. லாரி ஓட்டும்போது நீ வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

பிறகு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். போர்ட்டிக்சனில் கட்டிப்போட்டிருந்த தன் பழைய படகை உன்னிடம் விட்டுப் போனார். நீ எனக்கு அலுவலகத்துக்கே போன் செய்து, "உடனே வா" என்று கத்தினாய். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்தேன். நீ என்னைப் படகுக்குள் இழுத்துக்கொண்டு போய், குனிந்து, ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினாய்.

"பாருலா! கக்கூஸ்!"

"இஞ்சின் எப்படி இருக்கு?" என்றேன்.

"இஞ்சின் ஓடும், விடு. இதப் பாரு. கதவு இருக்கு, தாப்பா இருக்கு, உள்ள கண்ணாடி வேற மாட்டியிருக்கான் துரை. பொம்பளைங்க எல்லாரையும் கலங்கரை விளக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். வேணும்ங்கிற மட்டும் டீ குடிக்கட்டும்."

உன் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். கப்பல் வாங்கியவன் முகம் அது.

துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த மலாய் அதிகாரி, நாம் 'என்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டவர், நல்ல மனிதர்தான். ஆனால் கறார். கழிவு படகின் அடியில் இருக்கும் தொட்டியிலேயே தங்க வேண்டும், ஜனங்கள் குளிக்கும் கடலில் ஒரு துளி விழக்கூடாது என்றார். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் முள், சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. அது உச்சியிலேயே நின்றது. "ஞாயிறு காலை வருவேன். அப்போதும் முள் இப்படி நின்றால் கழிப்பறையைப் பூட்டி முத்திரை வைப்பேன். படகு போகலாம், அது போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது இல்லாமல் படகு எதற்கு? நீ அதைச் சொல்லவே தேவையிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. முள் நகரவில்லை. ஆனால் நீ, எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், விடிந்ததும் பெண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய். கோயிலுக்கு உடுத்தும் சேலைகளில், பூ வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தொண்டையை நனைக்காமல், எல்லாரும் படகுத்துறைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பாக்கியம் அக்கா. "டிரைவர் தம்பி, கப்பல் இன்னிக்குப் போகுமா, தீவாளிக்குப் போகுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீ தொட்டியை முட்டியால் தட்டினாய். காலிப் பீப்பாய் போல் கணகணவென்றது. முந்தின நாளே இறைத்துக் காய வைத்திருந்தாய். முள்ளோ நிறைவு என்றது.

"முள்ளு பொய் சொல்லாது மச்சான்," என்றாய். "யாரோ அதப் பிடிச்சு வச்சிருக்கானுங்க."

என்னை முள்ளுக்கு முன்னால் நிறுத்தினாய். நீ தொட்டிக்குப் பக்கத்தில் படுத்து, அதன் மூடியில் இருந்த கம்பியைக் கழற்றினாய். முள் தொப்பென்று அடியில் விழுந்தது. "விழுந்துருச்சு!" என்று கத்தினேன். கம்பி நுனியை இஞ்சின் இரும்பில் தொட்டாய். உச்சிக்குத் தாவியது. "ஏறிருச்சு!" என்றேன். மேலே பெண்கள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலேயே. அப்படியென்றால் முள் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது. கோளாறு தொட்டிக்குள். தேர்தல் முடிவு வரும் இரவுகளில்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

மூடியின் திருகாணிகளைக் கழற்றி, நீ அதை மெல்ல வெளியே தூக்கினாய். ஒரு தண்டு, அதில் மேலும் கீழும் ஆட வேண்டிய ஒரு கை, கையின் முனையில் ஒரு மிதவை. கை ஆடவில்லை. மேலே தூக்கியபடி விறைத்து நின்றது. தண்டு முழுவதும் வெள்ளையும் பழுப்புமாக ஏதோ சுற்றியிருந்தது.

ரெஜினா குனிந்து பார்த்தாள். மோந்தாள். நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள்.

"ஏங்க, போன வாரம் ஒரு மங்கு பால் கேட்டீங்களே. எதுக்கு?"

நீ மூடியைத் திருப்பி அதன் ஓரத்தைக் காட்டினாய். மூடியில் கசிவு வராமல் இருக்க, சைக்கிள் டியூப் முதல் மழைக்கோட்டுவரை தோட்டத்தில் எல்லாவற்றையும் ஒட்டுவதைப் போல, ரப்பர் பாலைத் தடவியிருக்கிறாய்.

"சரி. ஸ்டோர்லருந்து ஆசிட் எடுத்துட்டு வந்தீங்களே, அது?"

"வாடை போகட்டும்னு..." என்றாய், மிக மெல்ல. "தண்ணிய ரொப்பி, கொஞ்சம் ஊத்தி வச்சேன். ஒழுகுதான்னும் பாத்த மாதிரி ஆச்சு."

பலகையில் இருந்த பெண்களுக்கு ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பால் ரப்பர் ஷீட்டாக உறைய ஆசிட் ஊற்றுவதும், அந்த ஷீட்டைப் புகை வீட்டில் தொங்கவிட்டுத் தரம் பிரிப்பதும் அவர்கள் தினமும் பார்ப்பது. தண்ணீர் நிறைந்து மிதவை உச்சியில் நின்ற நேரத்தில், மூடியிலிருந்து வழிந்த பால் ஆசிட் பட்டு அப்படியே உறைந்து, கையைப் பிடித்துக்கொண்டது. பிறகு தண்ணீர் போனது; கை இறங்கவில்லை.

"அடப்பாவி மனுசா," என்றார் பாக்கியம் அக்கா. "கக்கூஸ் தொட்டியில ஷீட் போட்டிருக்கியே!"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "எத்தனாம் நம்பர் ஷீட்டு டிரைவரே?" என்றாள் ஒருத்தி. "பொகை வீட்டுல தொங்கவிடு!" என்றாள் இன்னொருத்தி. நீயும் சிரித்தாய், காது சிவக்க.

ரெஜினா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மரத்தில் கட்டிய மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிக்கும் அதே விரல்களால், தண்டின் அடியில் ஓர் ஓரத்தைக் கிள்ளி, ஒரே இழுப்பு. பாம்புச் சட்டைபோல் முழுதாக வந்தது. கை தளர்ந்து, மிதவை கீழே தொங்கியது. நீ லாரி டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்து முடுக்கினாய். கம்பியை மாட்டினாய்.

"மச்சான்?" என்று உள்ளேயிருந்து கேட்டாய்.

முள் அடியில் கிடந்தது. "காலி!" என்று கத்தினேன்.

அடுத்தது தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். லாரியில் பால் வாளிகள் கிடந்தன, தோளில் சுமக்கும் காண்டாக் கம்புகளும். யாரும் யாரையும் ஏவவில்லை. பட்டுச் சேலையோடு பெண்கள் இறங்கிப்போய், கடல் தண்ணீரை மொண்டு, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி ஆட, மரம் வெட்டி முடித்துப் பால் ஸ்டோருக்கு நடக்கும் அதே நடையில் வந்தார்கள். படகின் மேல்தட்டில் இருந்த தொட்டியின் வாய் வழியாக ஊற்ற ஊற்ற, நான் அறிவித்தேன். "கால்!" என்றேன். "அரை!" என்றேன். முக்காலுக்கு என் குரல் உடைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் என்சிக் வந்தார். பூ வைத்த பெண்கள் வாளியோடு ஓடுவதைப் பார்த்து, மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "எங்கே தீ?" என்று ஓடி வந்தார்.

அவர் முள்ளைப் பார்த்தார். உச்சியில் இருந்தது. "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே. நீ கடல் தண்ணீரைக் கடலுக்கே இறைக்கத் தொடங்கினாய். கைப் பம்பு சீறியது. பெண்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முள் நின்றது. பிறகு ஒரு மயிரிழை அசைந்தது. பிறகு இறங்கியது, முக்கால், அரை, கால் என்று, அவர் கண்முன்னால். அவர் முள்ளை மூடிய கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தார். முள் ஏமாற்றவில்லை.

"போலே ஜாலான்," என்றார். போகலாம்.

கரையில் எழுந்த சத்தத்தில் கடற்காகங்கள் பறந்தன. நீ ரெஜினாவைத் தூக்கிவிடப் போனாய். உன் கையில் இருந்த நாற்றத்துக்கு அவள் ஓடிவிட்டாள்.

படகு நகர்ந்து, கரை சிறுத்த பிறகு, ரெஜினா குடுவையைத் திறந்தாள். தேநீர் ஊற்றி நீட்டினாள். பாக்கியம் அக்கா கோப்பையைக் கையில் வாங்கி, அந்தச் சின்னக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குடித்தார். முழுதாக. பிறகு கோப்பையை நீட்டி, "இன்னொண்ணு ஊத்து" என்றார். நீ சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமல் நின்றாய். உன் முதுகு சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தின் பாதியில் இப்போது வீடுகள். படகும் இல்லை. என்னிடம் உன்னுடையது என்று இருப்பது ஒரு கேள்விதான். திறப்பு விழாக்களுக்குப் போகும்போது, அமைச்சர் பேசி முடித்ததும், நான் கையைத் தூக்கிக் கேட்பேன்: பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? மற்ற நிருபர்கள் சிரிப்பார்கள். போன மாதம் சிரம்பானில் ஒரு புது மண்டபத்தில் கேட்டேன். கட்டியிருந்தார்கள், பூட்டியிருந்தார்கள், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தியை அனுப்பாமல் கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். சாவியைத் தேடி ஆள் ஓடினான். கதவு திறந்தது. மண்டபத்துக்கு வெளியே நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அதன் பிறகுதான் எழுந்தேன், மச்சான்.