சண்முகசுந்தரம் ஆகிய நான்

ஜூலை 7, திங்கள்

சாரல். மூன்று நாளாகத் துணி காயவில்லை.

பொது அறிவிப்பு: தென்காசி, மேலகரம், குற்றாலம் மற்றும் சுற்றுவட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், என் இடது காலைத் தாங்கி வந்த செருப்பு இன்று காலை கல்லூரி வாசலில் வார் அறுந்து இயற்கை எய்தியது. வலது செருப்பு நலம். ஆனால் தனியாக என்ன செய்யும், பாவம். இறுதி மரியாதை கேன்டீன் பின்புறம். ரியாஸ் மௌன அஞ்சலி என்று கையைக் கட்டி நின்றான். சிரிப்பை அடக்க முடியாமல் அவனே முதலில் கெடுத்தான்.

வெறுங்காலோடு பிளேஸ்மென்ட் கூட்டம். பிளேஸ்மென்ட் சார் (இனி பி.சா.) ஒன்றரை மணி நேரம் பேசினார். தலைப்பு: சிறந்த ரெஸ்யூமே எழுதுவது எப்படி.

"ஒரு பக்கத்துக்கு மேல போகப்படாது. போட்டோவுல கூலிங் கிளாஸ் கூடாது. பொழுதுபோக்குல 'புத்தகம் வாசித்தல்'னு போட்டா, என்ன புத்தகம்னு கேப்பான், முழிப்பீங்க. முக்கியமா ஒண்ணு. செய்யாதத எழுதாதீங்க, செஞ்சத விடாதீங்க."

செய்யாததை விட்டால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பெயரும் ஊரும் எழுதி முடித்துவிடலாம். பயோடேட்டா அல்ல, பொய்யோடேட்டா. சொன்னேன். நாலு பெஞ்ச் சிரித்தது. பி.சா. சிரிக்கவில்லை. அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

விஷயம்: கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வருகிறது. செமஸ்டர் லீவில் அங்கே பயிற்சி. நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. நான்கே இடம். வெள்ளி நேர்முகம்.

எனக்கு அது வேண்டும். இந்த நோட்டில் மட்டும் விளையாட்டில்லாமல் எழுதிக்கொள்கிறேன்: வேண்டும். இங்கே பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட "அப்பா அருவிக்குப் போய்ட்டாரா?" என்கிறார். கோயம்புத்தூரில் என்னை ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம்.

சாயங்காலம் அப்பா வந்தார். சீசன் மூன்று மாதமும் மெயின் அருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. மிச்ச மாதம் பெயின்ட் அடிப்பு. சீசன் வந்தால் வீட்டில் கதவுக் கொண்டி வழுக்கும், டிவி ரிமோட் வழுக்கும், என் அக்கவுன்டன்சி புத்தகம்கூட வழுக்கும்.

"கூட்டமாப்பா?"

"தண்ணியவிட ஆளு ஜாஸ்திலே. தல தலையாத் தெரியுது, அருவியக் காணோம்."

செருப்பு வாங்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. கோயில் கோபுரத்தடியில் ஒருத்தர் வேட்டியைப் பிடிப்பதா குடையைப் பிடிப்பதா என்று தவித்தார். குடை போய்விட்டது. சரியான முடிவு.

இன்றைய சாதனை தங்க எழுத்தில் பொறிக்கத்தக்கது. நீலப் பேனாதான் இருக்கிறது.

நடந்தது இது. போன வருஷம் வேலை கிடைத்த சீனியர் கார்த்திக்கின் ரெஸ்யூமே வகுப்பு வாட்ஸப்பில் வந்தது. ஆளாளுக்கு அதையே எடுத்து, பெயரை மாற்றி, போன் நம்பரை மாற்றி, முடித்தாயிற்று. கம்ப்யூட்டர் லேபில் பிரின்ட் எடுத்து அடுக்கி வைத்திருந்ததைச் சும்மா புரட்டினேன். அடியில் 'தந்தை பெயர்: சண்முகசுந்தரம். தொழில்: பிசினஸ்'. அடுத்த தாள், சண்முகசுந்தரம். அதற்கடுத்ததும். கார்த்திக்கின் அப்பா எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அப்பா ஆகியிருந்தார். கடையநல்லூர் ரியாஸுக்கும் அவரே அப்பா.

பெஞ்ச் மேல் ஏறி அறிவித்தேன். "அன்பான சகோதர சகோதரிகளே. இத்தனை நாள் தெரியாமப் போச்சு. நாம எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைக இல்ல, ஒரு தகப்பன் பிள்ளைக." லேப் அதிர்ந்தது. ரியாஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எங்க வாப்பா துபாய்ல இருந்து போன்லயே என்னைக் கொல்லுவாருலே."

பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அப்பா பெயர், தொழில், இங்கிலீஷ், எல்லாம். மத்தியானச் சாப்பாடு போயிற்று. புதுப் பட்டம்: ரெஸ்யூமே டாக்டர். வரிசை வாசல் வரை. செல்விக்கு 'கடின உழைப்பாளி' என்பதை நீக்கி, அவள் காலையில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுவதைப் போட்டேன். "அதெல்லாம் போடலாமா?" என்றாள். செஞ்சத விடாதீங்க என்று பி.சா. குரலில் சொன்னேன். ரியாஸுடையதில் பொழுதுபோக்கு: 'கடைசி பெஞ்சில் கண் திறந்தபடி உறங்குதல்' என்று அடித்துப் பிரின்டும் எடுத்துக் கொடுத்தேன். பி.சா. மேஜை வரைக்கும் போய்விட்டு, அலறியடித்துத் திரும்பி வந்தான். அவனுக்குச் சரியானதைக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு முன்னால், தொழில் வரியில் மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

"வாப்பா அங்கன ஒரு கடையில சாமான் எடுத்துக் குடுக்காரு. அத என்னன்னு போட?"

"சேல்ஸ்மேன்."

"அவ்வளவுதானா? போடு."

அவ்வளவுதான். போட்டுவிட்டான்.

"ஒன்னோடது எங்கலே?" என்றான்.

"டாக்டருக்குத் தனி வார்டு" என்றேன்.

கடைசியாக என்னுடையதையும் திறந்து, சேவ் செய்து, அனுப்பியாயிற்று. வகுப்பிலேயே சுத்தமான ரெஸ்யூமே.

ஜூலை 9, புதன்

ஒன்றுமில்லை. புதுச் செருப்பு. கடிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வெயிலும் சாரலும் ஒன்றாக.

கம்பெனி எச்.ஆர். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நம் ஊருக்கு வருகிற அதிகாரி எவரானாலும் முதல் வேலை அருவியில் குளிப்பு, அப்புறம்தான் ஆபீஸ் வேலை. ஆடிட்டர் வந்தாலும் அப்படித்தான், பல்கலைக்கழக ஆள் வந்தாலும் அப்படித்தான். கூட்டிப் போக ஒரு பையன் வேண்டும்.

"மகேசு, நீ மேலகரம்தான? குற்றாலமெல்லாம் ஒனக்குத் தெரியும்லா. சாருக்குக் கார்லயே வந்து கழுத்துப் பிடிச்சிட்டு. எண்ணெ தேய்க்க ஒரு நல்ல ஆளாப் பாத்து விடு" என்றார் பி.சா.

வகுப்பே என்னைப் பொறாமையோடு பார்த்தது. நேர்முகத்துக்கு முன்பே நேர்முகம். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

ஐந்தருவிக்குப் போகலாம் சார், கூட்டம் கம்மி என்றேன். அந்த ரோட்டில் வண்டி நகரவில்லை. பழைய குற்றாலம் போகலாம் சார் என்றேன். "பக்கத்துலயே அருவி கேக்குதுங்களே தம்பி, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார். மெயின் அருவி.

கரையில் எண்ணெய்க்காரர்கள் வரிசையாக. அப்பா எப்போதும் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம், கடைசியில் ஒருத்தரிடம் கூட்டிப் போய்விடலாம் என்று எச்.ஆர். துண்டை வாங்கிக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தேன். பின்னால் அப்பா குரல்.

"சார், கழுத்தத் திருப்பாம ஒடம்போட திரும்புதீங்களே. அந்தக் கழுத்த எங்கிட்ட குடுத்துட்டு நீங்க அருவியப் பாருங்க."

எச்.ஆர். சிரித்துவிட்டார். உட்கார்ந்தும்விட்டார்.

திரும்பி வந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் கல்லூரி ஐ.டி. கார்டு மாட்டியிருக்கிறேன். அவர் முட்டிவரை மடித்த வேட்டி, கை முழுக்க எண்ணெய். வாயைத் திறந்தார், "ஏலே" என்பதற்குத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி, சாருக்குக் கொஞ்சம் நல்லாப் பாத்துச் செய்யுங்க."

அப்பா திறந்த வாயை மூடவில்லை. அதே மூச்சில் வேறு சொல் வந்தது.

"சரி தம்பி. சாரோட துண்ட நீங்க பிடிச்சுக்கிடுங்க."

நீங்க.

பிறந்ததிலிருந்து என்னை நீங்க என்று சொன்னதில்லை.

எச்.ஆருக்குப் பேச்சு வேண்டியிருந்தது. "பசங்க இருக்காங்களாங்க?"

"ஒருத்தன் இருக்கான் சார். காலேஜ் படிக்கான்."

"என்ன படிக்கிறானுங்க?"

"என்னமோ கணக்குப் படிப்பு. வாய்தான் நல்லாப் படிச்சிருக்கு."

எச்.ஆர். குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். என் நடிப்புத் திறமைக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

காருக்கு வரும்போது கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், சின்னப்பிள்ளை மாதிரி. நேந்திரம் சிப்ஸ் வாங்கினோம். மங்குஸ்தான் வாங்கினோம். எனக்கும் ஒன்று கொடுத்தார். புளித்தது.

வீடு. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"அந்த சாருக்குக் கழுத்து சரியாயிட்டாமாலே?"

"ஆயிட்டுப்பா."

"நாளைக்கும் கொஞ்சம் வலிக்கும். வெந்நி ஊத்தச் சொல்லு."

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் வேர்வை. என் கழுத்து.

ரியாஸ் எனக்கு முன்னால் உள்ளே போனான். வெளியே வந்து கையை விரித்தான். "மூஞ்சியப் பாத்தே முடிவு பண்ணிட்டாருலே. நான் இன்னும் பேரே சொல்லி முடிக்கல."

என் முறை. எச்.ஆர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க கைடு தம்பி. நேத்து அந்த எண்ணெய் தேச்சவரு பேர் என்னங்க? அடுத்த தடவை வந்தா அவர்கிட்டத்தான் போகோணும்."

"தெரியாது சார்."

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

கணக்குக் கேள்விகள் இரண்டு. சொன்னேன். தாளைப் பார்த்தார்.

"அப்பா பேரு சண்முகசுந்தரமுங்களா. பிசினஸ்னு போட்டிருக்கு. என்ன பிசினஸ்?"

"எண்ணெய் பிசினஸ் சார்."

"ஓ. மில்லுங்களா?"

"சின்ன அளவுல, சார்."

வழக்கமாக இப்படி ஒரு பதில் சொன்னால் வெளியே வந்து நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

நோட்டீஸ் போர்டில் சாயங்காலம் நான்கு பெயர். இரண்டாவது நான். மூன்றாவது செல்வி. பி.சா. முதுகில் தட்டினார். "பாத்தியா, ரெஸ்யூமே ஒழுங்கா இருந்தா போதும்லே."

ரியாஸ் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். தோற்றவன் வாங்கிக் கொடுக்கிறான், ஜெயித்தவன் தின்கிறேன். இரண்டோடு நிறுத்தினேன். "என்னலே, ஒடம்புக்கு முடியலையா?" என்றான்.

ஜூலை 14, திங்கள்

சாரல். செருப்பு இன்னும் கடிக்கிறது. இப்போது வலதும்.

தேர்வான நாலு பேருக்கும் பெற்றோர் சம்மதக் கடிதம். ரெஸ்யூமேயைப் பார்த்து ஆபீஸில் தமிழில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் கையெழுத்தோடு நாளைக்கே வேண்டும்.

'சண்முகசுந்தரம் ஆகிய நான், என் மகன் மகேஷை மேற்படி பயிற்சிக்கு அனுப்ப மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.'

ரியாஸ் எட்டிப் பார்த்தான். சிரித்துச் சிரித்து பெஞ்சில் படுத்துவிட்டான்.

"ஏலே டாக்டரு. ஊருக்கெல்லாம் அப்பன மாத்திக் குடுத்தியே. ஒன்னோடத மறந்துட்டியேலே."

"வேலை மும்முரம்" என்றேன்.

ஆபீஸில் வேறு கடிதம் கேட்டேன். "பேர அடிச்சிட்டு மேல எழுதி, அப்பாகிட்ட பக்கத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. போதும்" என்றார்கள். சின்ன விஷயமாம்.

நானே அடித்து, நானே போட்டுவிடலாமா? அப்பாவின் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். ப்ராக்ரஸ் கார்டில் பழகிய கைதான். பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

விடியும்போதே மழை. அப்பா எண்ணெய் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படிப்பார்.

"'சண்முகசுந்தரம் ஆகிய நான்'..." நிறுத்தினார். "நான் எப்பலே சண்முகசுந்தரம் ஆனேன்?"

"அது தப்பா அடிச்சிட்டாங்கப்பா. சீனியரோடத காப்பி பண்ணினதுல அவன் அப்பா பேரு அப்படியே வந்துட்டு. பாதி கிளாசுக்கு இதே கூத்துதான். ரியாஸுக்குக்கூட சண்முகசுந்தரம்னுதான் இருந்துச்சு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய குடும்பஸ்தன்தான். அப்ப மத்த பிள்ளைகளும் இப்படி அடிச்சு அடிச்சுத்தான் எழுதுதா?"

"இல்ல. அவங்களோடத முன்னாடியே திருத்தியாச்சு."

"யாரு திருத்துனா?"

எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார். சண்முகசுந்தரத்தை ஒரே கோடாக அடித்தார். மேலே இசக்கிமுத்து என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்து. கீழே ஒரு கையெழுத்து. தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை.

"தொழில்னு ஒண்ணு இருக்கே. இதுலயும் பிசினஸ்னு அடிச்சிருக்கான்" என்றார்.

"ம்."

"அது கெடக்கட்டும். அத நீ பாத்துக்கோ."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் என் புதுச் செருப்பைப் பார்த்து நின்றார். "கடிக்குன்னியே. கொஞ்சம் எண்ணெ தடவி வச்சிருக்கேன். இனி கடிக்காது."

போய்விட்டார்.

போன செவ்வாய் என்ன எழுதியிருக்கிறேன் என்று புரட்டிப் பார்த்தேன். 'வகுப்பிலேயே சுத்தமான ரெஸ்யூமே.' நல்ல கையெழுத்து வேறு.

மற்றவர்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை. அதனால் விட்டார்கள். நான் கடைசியாக என்னுடையதைத் திறந்தபோது அந்த வரியில் போய் நின்றேன். சண்முகசுந்தரத்தை அழித்தேன். இசக்கிமுத்து என்று அடித்தேன். அடுத்தது தொழில். ரியாஸுக்கு ஒரு நிமிஷத்தில் சொன்ன டாக்டர் நான். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. லேப் பூட்டணும் என்று வெளியே குரல் கொடுத்தார்கள். அடித்ததை எல்லாம் அழித்துவிட்டு, பழையபடியே சண்முகசுந்தரத்தைப் போட்டு, சேவ் கொடுத்தேன்.

மறக்கவில்லை.