கைப்பிடியில் தொங்கிய துண்டு

மார்ச் 4

மறுபடி ஃபியூஸ் போச்சு. வயல் மோட்டார் ஒன்றும் ஓடவில்லை. லைன்மேனுக்குப் போன் போட்டால் "நாளைக்கு" என்கிறான். அவன் நாளை என்றைக்கு வந்திருக்கிறது? என் வீட்டுக்காரரே டிரான்ஸ்ஃபார்மரில் ஏறிப் போட்டுவிட்டார். "கொமுரய்யாவுக்குக் கைராசி" என்று ஊரே மெச்சுகிறது. நான்தான் இவர் இறங்கும்வரை அடியிலேயே நின்றேன்.

கரண்டை நிறுத்தச் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதில் தங்கள் துண்டைத் தொங்கவிட்டுத்தான் ஏறுவார்கள். துண்டு தொங்கும்வரை ஒருவரும் கைப்பிடியைத் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் அது சத்தியம் மாதிரி.

மார்ச் 11

பக்கத்து வயல் சைலு கரண்ட் அடித்துச் செத்துப்போனான். விடிந்தும் விடியாமலும், இவரை எழுப்புவானேன் என்று தானே ஏறினானாம். கைப்பிடி கீழே இருக்கு. துண்டு தொங்குது. பிறகெப்படி? ஐயோ, பிறகெப்படி?

மார்ச் 12

டவுன் கரண்ட் ஆபீசிலிருந்து வந்தவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "கள்ளு குடிச்சிட்டு ஏறியிருப்பான்" என்றார். சைலு பெண்டாட்டி நர்சவ்வா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பல்லு விளக்குன வேப்பங்குச்சி அவரு வாயிலயே இருந்துச்சு சார். குச்சியோட எவன் கள்ளு குடிப்பான்?"

நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்து உச்சியில் கரண்டைச் சேர்க்கும் மூன்று கத்திகள். கைப்பிடியை இறக்கினால் மூன்றும் விலக வேண்டும். இரண்டு விலகி இருந்தன. மூன்றாவது துருப்பிடித்து அப்படியே கடித்துக்கொண்டு நின்றது.

இவரிடம் சொன்னேன்.

"தெரியும். அது எப்பவும் அப்படித்தான். மூங்கிலால தட்டுவோம், விலகிடும்."

"அப்ப சைலு?"

"இருட்டுல விலகிடுச்சுன்னு நினைச்சிருப்பான்."

தெரியுமாம்! தெரிந்தே இத்தனை நாள் ஏறியிருக்கிறார்.

மார்ச் 17

கத்தி மாற்றவில்லை. சாமான் வரணுமாம்.

மார்ச் 26

மறுபடி போச்சு. நெல்லெல்லாம் பால் பிடிக்கும் நேரம். அதே டிரான்ஸ்ஃபார்மரில் மோட்டார் ஓட்டும் எல்லய்யா வாசலில் வந்து நின்றான். "வா மாமா, மூங்கிலும் கொண்டாந்திருக்கேன்."

இவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கெஞ்சினேன், திட்டினேன், காதில் ஏறவில்லை. பின்னாலேயே ஓடினேன். இவர் ஏணியில் கால் வைக்கும்போது என் தாலியைக் கழற்றி, துண்டுக்குப் பதில் கைப்பிடியில் மாட்டினேன்.

"ஏறு. இப்பவே கழட்டிட்டேன், அப்புறம் யாரும் கழட்டுற வேலை இருக்காது."

"சீ, என்ன பொம்பள நீ!" என்றான் எல்லய்யா. ஆனாலும் அவனும் ஏணி பக்கம் போகவில்லை. இவர் இறங்கி வீட்டுக்கு நடந்தார். நானே எடுத்து நானே கட்டிக்கொண்டேன்.

மார்ச் 30

உகாதி. பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை; மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஏப்ரல் 3

லைன்மேன் இன்றுதான் வந்தான். கத்தியையும் மாற்றினான். மோட்டார் ஓடுகிறது. பயிர் காய்ந்த பிறகு யாருக்கு?

"உன்னாலதான் எங்க பயிரும் போச்சு" என்று எல்லய்யா பெண்டாட்டி தெருவில் நின்று கத்தினாள். நான் செய்தது தப்பா?

ஏப்ரல் 9

காய்ந்த வயலில் மாட்டை விட்டோம். இவர் வரப்பில் குந்தி, மாடுகள் மேய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன நர்சவ்வா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்களது முன்னாடியே நட்டது, அக்கா. விளைஞ்சு, அறுத்து, வீட்டுக்கும் வந்துருச்சு. திங்கத்தான் மனுசன் இல்ல."

அவள் போன பிறகு இவர் திரும்பிப் பார்த்தார். "பசிக்குது. ரொட்டி கொண்டாந்தியா?" என்றார்.

கொண்டுவந்திருந்தேன்.