வெளியே கட்டிய கொடி

அன்பு மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறார். நானும் பிறகு நீயும் கரி தள்ளிய மின்நிலையத்தை மூடியபின் புகைக்கூண்டு சும்மா நிற்கிறது. சாம்பலுக்குப் பயந்து இத்தனை காலமும் வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்ட உன் அம்மா, நேற்று வெளியே கொடி கட்டினாள்.

"ஏங்க, உங்க சட்டை வெள்ளைன்னு இன்னிக்குத்தாங்க தெரியுது!" என்று சிரித்தவள், நீ விட்டுப்போன வேலைச்சட்டையை மடிக்கும்போது அழுதுவிட்டாள்.

இங்கே சூரிய மின்சாரம் வரப்போகிறதாம். அதில் உனக்கு வேலை உண்டா என்று கேட்டால், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பிள்ளைகுட்டிக்காரன் நீ. வேறு ஊரில் இன்னும் ஓடுகிற கரி மின்நிலையத்துக்கு வேலைக்குப் போனதைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்? என் இருமல் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

அங்கே பாப்பா துணியை மட்டும் வீட்டுக்குள்ளேயே காயப்போடுங்கள், ராசா.

உன் அப்பா